காற்றின் எடை

ஃபோர்டு நிறுவனம் 1965இல் தன் சரக்கு வண்டிகளுக்காக ஒரு பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்தது. 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர் கொள்ளளவு. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங்குகள். கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றச் சங்கிலி கிடையாது, பல்சக்கரங்கள்தான். 1996 வரை அந்த எஞ்சின் உற்பத்தியில் இருந்தது. பிக்அப், டெலிவரி வேன், மரக்கிளை அரைக்கும் இயந்திரம் என்று அமெரிக்காவில் அது உழைக்காத இடம் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக மாறாமல் ஓடியதால் உதிரிபாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 1967 முதல் 1972 வரை வந்த எஃப்-100 பிக்அப்பில் அது இருந்தால், அந்த வண்டியை வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் டர்போ ஆசை வந்தே தீரும்.

ஆசைக்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சினின் திறன் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 170 குதிரைத்திறன் என்று அந்தக் காலத்தில் குறிக்கப்பட்டது. அதற்கு மேல் சுற்றினால் பயன் அதிகமில்லை. சிலிண்டர் ஹெட்டில் உள்ள குறுகிய வழிகளில் காற்று திணறத் தொடங்கிவிடும். ஆனால் அடிப்பகுதி மிக உறுதியானது. இரட்டிப்பு விசையைத் தாங்கக்கூடிய எலும்பு, பாதிக் காற்றில் உழைக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க நேர்வழி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவது. டர்போ செய்வது அதைத்தான்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலரும் டர்போவை ஒரு திட்டமாகவும், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பொருத்துவதை இன்னொரு திட்டமாகவும் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் டர்போ, பிறகு காசு சேர்ந்தால் இன்ஜெக்‌ஷன். என் பார்வையில் இவை இரண்டும் ஒரே வேலை. டர்போ எஞ்சினுக்கு அதிகக் காற்றைத் தருகிறது. அந்தக் காற்று எவ்வளவு என்று எஞ்சினுக்குச் சொல்வது இன்ஜெக்‌ஷன். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே போகிறது. அங்கே வேகம் கூடும், அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதிவைத்த விதிதான் இது. பக்கத்து அறையில் மிதவையின் கட்டுப்பாட்டில் நிற்கும் பெட்ரோல், அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி ஜெட் என்னும் சிறு துளை வழியாகப் பாய்கிறது. கழுத்தில் போகும் காற்றின் நிறை அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஜெட்டில் வரும் பெட்ரோலின் நிறையும் அப்படியே. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இரண்டும் சேர்ந்து கூடும், விட்டால் சேர்ந்து குறையும். விகிதம் ஏறத்தாழ மாறாது. மின்சாரமும் இல்லாமல் கணக்கும் போடாமல் ஒரு உலோகத் துண்டு இதைச் சாதிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் விஷயம்.

ஆனால் அந்தச் சமன்பாட்டில் இன்னொரு உறுப்பு இருக்கிறது: அடர்த்தி. காற்றின் நிறை, காற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. பெட்ரோலின் அடர்த்தி பெரிதாக மாறாது, காற்றின் அடர்த்தி மாறும். கடல்மட்டத்தில் சரியாக ஓடிய வண்டி, 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்துக்குப் போனால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. 0.85இன் வர்க்கமூலம் 0.92. காற்றோடு ஒப்பிடும்போது பெட்ரோல் 8 சதவீதம் மிகுதியாகிவிடும். மெக்கானிக்குகள் இதை ரிச் என்பார்கள். மலைப்பகுதிகளில் கார்புரேட்டருக்குச் சிறிய ஜெட் போட்டதன் காரணம் இதுதான். கொஞ்சம் பெட்ரோல் வீணாகும், பிளக் கறுக்கும், எஞ்சினுக்குச் சேதமில்லை.

டர்போ இதே விதியை எதிர்த்திசையில் இழுக்கிறது. வெளியே 30 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். டர்போ, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை பார் கூட்டித் தருகிறது. பழைய எஞ்சினுக்கு இது அடக்கமான அளவு. காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசர் இழப்பே இல்லாததாக இருந்தாலும் 37 டிகிரி ஏறும். 70 சதவீதத் திறன் கொண்ட நிஜக் கம்ப்ரசரில் 53 டிகிரி. ஆக டர்போவிலிருந்து வெளியேறும் காற்று 83 டிகிரியில் இருக்கும். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனாலும் சூட்டினால் அடர்த்தி 1.28 மடங்குதான். இடையில் ஒரு இன்டர்கூலரை வைத்து, ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை வெளியேற்றினால் காற்று 46 டிகிரிக்கு இறங்கும், அடர்த்தி 1.43 மடங்காகும்.

இந்தக் காற்றைக் கார்புரேட்டர் வழியே செலுத்திப் பாருங்கள். 1.43இன் வர்க்கமூலம் 1.2. முழு இழுவையில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 12.5 கிராம் காற்று என்று அழகாகச் சரிசெய்து வைத்திருந்த கார்புரேட்டர், இப்போது 15 கிராம் காற்றுக்கு ஒரு கிராம்தான் தரும். பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான அளவே 14.7. சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில், குளிர்விக்க உதவும் கூடுதல் பெட்ரோலைக் கார்புரேட்டர் பிடித்துவைத்துக்கொள்கிறது. டென்வரில் வெறும் புகையாகப் போன பிழை, இங்கே பிஸ்டனில் துளை போடுகிறது.

இயந்திரச் சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன. எஞ்சினோடு இணைந்த பழைய பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.4 பார். கார்புரேட்டருக்குள்ளேயே அரை பார் அழுத்தம் நின்றால் பெட்ரோல் உள்ளே போகாது. பித்தளை மிதவை நசுங்கும். இதற்கெல்லாம் மாற்று உண்டு. பெரிய ஜெட், அழுத்தத்தைப் பின்பற்றும் ரெகுலேட்டர், கெட்டி மிதவை என்று போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திறமைசாலிகள்தான். ஆனால் உச்ச அழுத்தத்துக்குப் பெட்ரோல் போதும்படி ஜெட்டைத் திறந்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் எஞ்சின் பெட்ரோலில் குளிக்கும்.

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்து, வளிமண்டலக் காற்றையே அது பார்க்கும்படி செய்வது இன்னொரு வழி. அடர்த்திப் பிழை இதில் வராது. 1962இல் செவர்லே கோர்வேர் ஸ்பைடரில் வந்தது இந்த ஏற்பாடுதான். ஆனால் பெட்ரோல் கலந்த காற்றை இன்டர்கூலருக்குள் அனுப்ப முடியாது. குளிர்ந்த சுவரில் பெட்ரோல் திரவமாகப் படிந்துவிடும். சூட்டைக் குறைக்க வழியில்லாமல் போகிறது.

அதே 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இந்தச் சூட்டை வேறுவிதமாகக் கையாண்டது. 215 கன அங்குல எஞ்சினிலிருந்து 215 குதிரைத்திறன் எடுப்பது இலக்கு. அமுக்க விகிதம் 10.25, டர்போவுக்கு மிக அதிகம். எனவே காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்வரும் காற்றில் தெளித்து எஞ்சினைக் காப்பாற்றினார்கள். அறிவியல் சரி. வண்டி வாங்கியவர்கள்தான் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானதும் வண்டி டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டது, பணம் கொடுத்து வாங்கிய வேகம் காணாமல் போனது. பத்தாயிரத்துக்கும் குறைவான வண்டிகளே விற்றன. 1965 வாக்கில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக்கொடுத்தது.

என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று பியூக் நிறுவனத்தின் 3.8 லிட்டர் எஞ்சின். 1978இல் கார்புரேட்டரும் டர்போவும் சேர்ந்து வந்தபோது அதன் உச்சத் திறன் 165 குதிரைத்திறன். 1984இல் கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் தனி இன்ஜெக்டரும் கணினிக் கட்டுப்பாடும் வந்தன, 200 ஆயிற்று. 1986இல் இன்டர்கூலர் சேர்ந்தது, 235. அடுத்த ஆண்டு 245. பத்தாண்டுக்குள் இந்த ஏற்றம், அதே கொள்ளளவில். காற்று எவ்வளவு என்பது தெரிந்த பிறகுதான் அதைக் குளிர்விக்கவும் மேலும் அழுத்தவும் துணிவு வந்தது.

கணினி காற்றை எடைபோடுவது எப்படி? பெரும்பாலான வீட்டுக் கொட்டகைகளில் பயன்படும் முறை, பள்ளியில் படித்த வாயு விதியேதான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் ஒரு அழுத்த சென்சார், உள்வரும் காற்றில் ஒரு வெப்ப சென்சார், கிராங்க்கின் சுழற்சியை எண்ண ஒரு சென்சார். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 0.82 லிட்டர் என்று நமக்குத் தெரியும். அழுத்தமும் வெப்பமும் கொள்ளளவும் தெரிந்தால் நிறை தெரியும். ஒரே திருத்தம், சிலிண்டர் பொதுவாக முழுதாக நிரம்பாது என்பதற்கு. எந்தச் சுற்றில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்பதை ஒரு அட்டவணையாகக் கணினியில் எழுதிவைக்க வேண்டும். அந்த அட்டவணையை நிரப்புவதுதான் ட்யூனிங் என்று சொல்லப்படும் வேலையின் பெரும்பகுதி.

யோசனை பழையது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இலேயே எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு முறையைக் கொண்டுவந்தது. அன்றைய மின்னணு உறுப்புகள் வண்டியின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தக் காப்புரிமைகளின் வழியே ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய டி-ஜெட்ரானிக், 1967இல் வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்தது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்துதான் அதுவும் பெட்ரோலை முடிவுசெய்தது. ஆக, நம் எஃப்-100 சாலைக்கு வந்த அதே ஆண்டில், அதற்கு இன்று பொருத்தப்போகும் முறையின் மூதாதை வேறொரு வண்டியில் வந்துவிட்டது. 2001இல் புரூஸ் பவ்லிங், ஆல் கிரிப்போ என்ற இருவர், ஆர்வலர்கள் தாங்களே சால்டரிங் செய்து கட்டக்கூடிய மெகாஸ்குவர்ட் என்ற கணினியை வெளியிட்டபோது, தொழிற்சாலைக்குள் அடைபட்டிருந்த இந்த அறிவு தனிமனிதர் கைக்கு வந்தது. வாகன வரலாற்றில் நான் மிக மதிக்கும் நிகழ்வுகளில் அது ஒன்று.

இப்போது இன்ஜெக்டரின் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் 4.9 லிட்டரை நிரப்புகிறது. 3,600 சுற்றில், 80 சதவீதம் நிரம்பினால், நிமிடத்துக்குச் சுமார் 7,000 லிட்டர். 30 டிகிரிக் காற்றில் அது 8.2 கிலோ. இன்டர்கூலரோடு 1.43 மடங்கு என்றால் 11.7 கிலோ. டர்போ அழுத்தத்தில் பாதுகாப்புக்காக 11.5க்கு ஒன்று என்ற விகிதத்தில் கொடுத்தால் நிமிடத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே மேல் பெட்ரோல், கொள்ளளவில் 1.36 லிட்டர். ஆறு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 227 மில்லி லிட்டர். 300 மில்லி லிட்டர் ரகத்தைப் போட்டால், உச்சத்தில் முக்கால் பங்கு நேரம் திறந்திருக்கும். அந்த வேகத்தில் இரண்டு சுற்றுக்கு 33 மில்லி நொடிதான். அதில் 25 மில்லி நொடி இன்ஜெக்டர் திறந்திருக்கும். அதே இன்ஜெக்டர், 600 சுற்றில் வண்டி நின்றபடி உறுமும்போது, 200 மில்லி நொடிக்கு ஒருமுறை மூன்று நான்கு மில்லி நொடி மட்டும் திறந்து மூட வேண்டும். இன்னும் பெரிய இன்ஜெக்டர் போட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு இந்தச் சின்ன எண்ணே பதில். அதைவிடக் குறுகிய நேரத்தில் வால்வு திறந்து மூடுவது துல்லியமாக இருக்காது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வேண்டுமா, கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு இன்ஜெக்டரோடு ஒரு த்ராட்டில் பாடியை மாட்டினால் போதாதா? இந்த எஞ்சினுக்குப் போதாது என்பேன். நீண்ட ஆறு சிலிண்டர் வரிசையின் நடுவில் பெட்ரோலைத் தெளித்தால் நடுச் சிலிண்டர்களுக்கு மிகுதியாகவும் ஓரத்தில் உள்ள முதலாவதற்கும் ஆறாவதற்கும் குறைவாகவும் போகும். சாதாரண ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாத இந்த ஏற்றத்தாழ்வு, டர்போ அழுத்தத்தில் ஓரச் சிலிண்டர்களைத்தான் முதலில் பலிவாங்கும். ஃபோர்டே 1987இல் இந்த எஞ்சினுக்கு ஆறு இன்ஜெக்டர் கொண்ட மேனிஃபோல்டு கொடுத்தது. சிறு மாற்றங்களோடு அது பழைய எஞ்சினில் ஏறும். பழைய வண்டிகள் கழிக்கப்படும் யார்டுகளில் கிடைக்கும்.

அதே 1987 எஞ்சின்களிலிருந்து எடுக்க வேண்டிய இன்னொரு பொருள் புகைபோக்கி மேனிஃபோல்டு. முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வார்க்கப்பட்டது. டர்போவுக்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை, ஆனாலும் அது டர்போவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மீண்டும் முன்னால் ஒன்று. 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு என்றாலும், ஒரு பாதிக்குள் பார்த்தால் 240 டிகிரிக்கு ஒன்று. ஒரு சிலிண்டர் புகையைக் கக்கி முடிக்கும் வரை அதே குழாயில் இன்னொன்று குறுக்கிடாது. புகையால் சுழலும் டர்பைன் சக்கரத்தின் அறையில் நடுச்சுவர் கொண்ட இரட்டை வழி டர்போவை இதோடு இணைத்தால், ஒவ்வொரு துடிப்பும் தன் விசை குறையாமல் அந்தச் சக்கரத்தை அடிக்கும். குறைந்த சுற்றிலேயே டர்போ விழித்துக்கொள்ளும். டாட்ஜ் பிக்அப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலில் வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 அப்படிப்பட்டது. அந்த டீசலும் வரிசை ஆறு, அதே வெடிப்பு வரிசை. ஆர்வலர்கள் அந்தப் பழைய டர்போவைத் தேடி வாங்குவதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடும். அதன் ஒரு முனையில் சிவக்கச் சூடேறிய டர்பைன். நடுவில் அச்சைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே வரும், ஆனால் நுரைத்து, அழுத்தமிழந்து, புவியீர்ப்பில்தான் வெளியே வடிய வேண்டும். வடிகுழாய் அகலமாகவும், வளைவின்றிக் கீழ்நோக்கியும், ஆயில் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரும்படியும் இருக்க வேண்டும். புதிதாக மாட்டிய டர்போ நீலப்புகை விட்டால் பலர் டர்போவையே குறைசொல்கிறார்கள். குழாயின் சரிவை முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் காற்றும் சரியான பிறகு மிஞ்சுவது நெருப்பு வைக்கும் நேரம். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. மறுகோடியில் இன்னும் எரியாத கலவை, பரவும் தீயின் அழுத்தத்தில் நசுங்கிச் சூடாகித் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். உலோகத்தைச் சுத்தியால் தட்டும் ஓசை கேட்கும். உள்வரும் காற்றின் சூடு இதில் பெருகி வருகிறது. அமுக்க விகிதம் சுமார் எட்டு உள்ள இந்த எஞ்சினில், உள்ளே வரும்போது இருந்த வெப்பநிலை, கெல்வின் அளவில், அமுக்கி முடிக்கும்போது ஏறத்தாழ இரு மடங்காகும். இன்டர்கூலர் வாசலில் குறைத்த 37 டிகிரி, பொறி விடும் நேரத்தில் 70 டிகிரிக்கு மேல் குறைத்ததற்குச் சமம். எட்டு என்ற அந்தத் தாழ்ந்த விகிதமும் டர்போவுக்கு வரமாக அமைகிறது.

டர்போ அழுத்தம் ஏற ஏறப் பொறியைச் சற்றுத் தாமதிக்க வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சுற்றும் வெற்றிடமும் மட்டும்தான் தெரியும். வெற்றிடம் அழுத்தமாக மாறும் உலகத்தை அது கண்டதில்லை. எனவே கிராங்க் முனையில் 36 பல் வைக்கும் இடத்தில் ஒரு பல்லை விட்டுவிட்ட சக்கரத்தைப் பொருத்துகிறார்கள். பத்து டிகிரிக்கு ஒரு பல்; விடுபட்ட இடம் கணினிக்குத் தொடக்கக் குறி. பெட்ரோலை அளக்கும் அதே அழுத்த சென்சாரைக் கொண்டு கணினி பொறியின் நேரத்தையும் முடிவுசெய்கிறது. புகைக்குழாயில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இருந்தால், கேட்ட 11.5 கிடைத்ததா என்று உடனே சரிபார்க்கலாம். இது இல்லாமல் அழுத்தத்தை ஏற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் மிகக் குறைந்த அழுத்தம், கலவை கொஞ்சம் ரிச், பொறி கொஞ்சம் தாமதம். அட்டவணையின் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

எஞ்சினுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. அந்தக் கால எஃப்-100 வண்டிகளில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் அந்தக் குழாயில் இருந்தது சொற்ப அழுத்தம். இன்ஜெக்டருக்கு மேனிஃபோல்டைவிட எப்போதும் 3 பார் கூடுதலாக வேண்டும். ஐம்பதாண்டுத் துரு ஏறிய இரும்புக் குழாயில் அந்த அழுத்தத்தை ஏற்றுவது தீயோடு விளையாடுவது. குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டு, டேங்கைப் பின்தட்டுக்குக் கீழே சட்டகத்தில் மாற்றிவிடுவதே நல்லது.

பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டர்போ பற்றிய பேச்சில் அது கடைசிவரை வருவதில்லை. அந்த எஃப்-100இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1,600 கிலோ வண்டியை நிறுத்த 617 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 120இல் அது 889. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். இரண்டாவது முறை மிதிக்கும்போது மிதி ஆழமாகப் போகும். 1973க்குப் பின் வந்த எஃப்-100களின் முன்சக்கர டிஸ்க் பிரேக் அமைப்பை இந்தப் பழைய வண்டிக்கு மாற்றிப் பொருத்த முடியும், பலரும் செய்திருக்கிறார்கள். கார்புரேட்டரின் முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.